ஒரு நாள் எரியும் விளக்கு

பெங்களூரில் மைசூர் சாலை வழியே நாள்தோறும் போய்வரும் தமிழர் பலர். அச்சாலைப் பக்கத்தில் யூதர்களுக்கென ஓர் இடுகாடு இருப்பதை அறிந்தோர் மிகச் சிலரே. 1904-ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் இடம் அது. கொங்கணக் கரையிலிருந்து வந்த பெனே இஸ்ரேல் யூதர்கள் அங்கே துயில்கின்றனர். மராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட அவர்களும், நம்மைப் போலவே, பணியின் பொருட்டு இந்நகருக்கு வந்தவர்கள். பின்னர்ப் பாக்தாத் மரபு யூதர் சிலரும் இங்குக் குடியேறினர். கமர்ஷியல் தெருவில் ரூபன் மோசஸ் நடத்திய காலணிக் கடை பெயர் பெற்றது. எனினும் அவர்கள் தொகை என்றும் சிறிதே. 1948-இல் இஸ்ரேல் நாடு தோன்றியபின் இந்திய யூதருள் பெரும்பாலோர் அங்குச் சென்றுவிட்டனர்.

சிறு சமூகத்துக்கு ஓர் இடர் உண்டு. இறந்தோர் பொருட்டு யூதர் ஓதும் 'கத்தீஷ்' என்னும் அரமேய மொழி வழிபாட்டைச் சொல்ல, மரபுப்படி வயது வந்த ஆடவர் பதின்மர் கூடவேண்டும். (அதில் சாவு என்ற சொல்லே வருவதில்லை என்பது வியப்பன்றோ!) பதின்மர் கிட்டாத ஊரில் தனியொருவர் செய்யக்கூடியது, நினைவு நாளில் இல்லத்தில் விளக்கேற்றுவது. ஆகவே அவ்விளக்கு எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பது வெறும் அலங்காரம் பற்றிய வினா அன்று.

முதலாவது, அது ஒரு முழு நாள் எரியவேண்டும். யூதர்க்கு நாள் மாலையில் தொடங்குகிறது. அந்தி முதல் மறு அந்தி வரை சுடர் நிற்கவேண்டும். கண்ணாடிக் குவளையில் கீழே நீரும் மேலே எண்ணெயும் விட்டு, மிதக்கும் தக்கையில் மெல்லிய திரியைச் செருகுவது பழைய முறை. எண்ணெய் தீர்ந்து திரி நீரைத் தொட்டதும் சுடர் தானே அடங்கும். அதனை எவரும் ஊதி அணைக்க வேண்டியதில்லை. இம்முறையில் குவளையின் ஆழமே உயிர்நிலை. கன்னார் செய்யும் பித்தளைத் தாங்கி எத்துணை அழகாயினும், குவளை சிறியதாகி நள்ளிரவில் சுடர் அணைந்தால் பயன் என்ன? அழகு பார்த்து ஆழம் பாராத விளக்குகளை நாம் கண்டிருக்கிறோம்.

இரண்டாவது, தேதி. நாம் திதி பார்ப்பதுபோல் அவர்களும் சந்திர நாளையே கணக்கிடுகின்றனர். அவர்கள் பஞ்சாங்கத்தில் 19 ஆண்டுகளுக்குள் 7 ஆண்டுகள் 13 மாதம் கொண்டவை. நம் அதிக மாதத்தின் உறவுமுறை எனலாம். எனவே விளக்கின் அடியில் ஆங்கிலத் தேதியை மட்டும் பொறித்தால், அடுத்த ஆண்டு எந்த மாலையில் ஏற்றுவது என்பது அதிலிருந்து நேரே விளங்காது. எபிரேயத் தேதியும் வேண்டும்.

மூன்றாவது பெயர். கேரளத்துச் சேந்தமங்கலத்தில் இஸ்ரேல் என்பவர் மகள் சாராவின் கல்லறைக் கல் இருக்கிறது, 1269-ஆம் ஆண்டினது. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது அது. பெங்களூர் என்ற ஊர்ப் பெயரே பழமையாக நமக்குக் கிடைப்பது, பேகூரில் ஏறத்தாழ 890-ஐச் சார்ந்த நடுகல்லில். அதுவும் போரில் மாண்டவன் நினைவே. அச்சாராவின் பெயரை இன்றைய செதுக்குநர் ஒருவர் பித்தளையில் வெட்டுவதாகக் கொள்வோம். எபிரேயத்தில் அப்பெயர் மூன்றே எழுத்து. நடு எழுத்தாகிய 'ரேஷ்' வளைந்த தோளுடையது. அதைக் கூர்மையாக்கினால் 'தாலெத்' ஆகிவிடும். ஈற்றெழுத்தாகிய 'ஹே'யின் இடக்கால் மேற்கோட்டைத் தொடலாகாது, தொட்டால் 'ஹெத்'. ஒரு மயிரிழை இடைவெளியில் சாரா வேறொருத்தியாகி விடுகிறாள். மொழிபெயர்ப்பிலேயே காலங்கழிக்கும் நமக்கு இவ்வச்சம் நன்கு விளங்கும். எபிரேயம் அறிந்த ஒருவர் பெரிதாக எழுதித் தந்த படியை வைத்துக்கொண்டு, வலமிருந்து இடமாக வெட்டுவதே நன்று.

இன்று சிலர் மின்விளக்கு ஏற்றுகின்றனர். காற்றுக்கு அஞ்சவேண்டியதில்லை, ஆயினும் எண்ணெய் குறைவதைக் கண்கொண்டு பார்ப்பதில் ஒரு துணை உண்டு. நம்மைக் கேட்டால், ஆழமான குவளை, காற்றைத் தடுக்கும் எளிய பித்தளைச் சுற்று, அடித்தட்டில் பெயரும் தேதியும், இவை போதும் என்போம். அத்தட்டை ஒரே பெயரால் நிரப்பிவிடாமல், கீழே இரண்டு வரிக்கு இடம் விட்டுவைக்கவும் சொல்வோம்.