சோளகம் ஓயும் முன்னே: வீட்டுத்தோட்டமும் ஊர்க்கோழியும்

(எமது சங்கத்தின் மாதர் பிரிவிலிருந்து சென்ற குழுவினரும், ஓமந்தைப் பகுதியில் குடியேறி வாழும் மலையகக் குடும்பங்களும், ஆவணி மாதக் கடைசி ஞாயிறன்று ஒரு வீட்டு முற்றத்தில் கூடியபோது ஆற்றிய உரை.)



நேற்று விடிய ஹட்டனில் பஸ் ஏறும்போது மழை. கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் ஏறினோம். கண்டியில் பஸ் மாறி, வவுனியாவில் இறங்கியபோது தொண்டை வறண்டு போயிற்று. ஓமந்தைக்கு வந்தால் முற்றத்து மண் கல்லாக இறுகிக் கிடக்கிறது. நம்மை அங்கே நனைத்ததும் இங்கே காயவைப்பதும் ஒரே காற்றுத்தான். தென்மேற்கிலிருந்து வரும் காற்று தன் ஈரத்தை நம்முடைய மலைச்சரிவில் கொட்டிவிட்டு, வெறும் காற்றாக இறங்கி இந்தப் பக்கம் வருகிறது. இங்குள்ளவர்கள் இதைச் சோளகம் என்கிறார்கள். வீட்டுத்தோட்டத்தைப் பற்றிப் பேச வந்த இடத்தில் காற்றைப் பற்றி ஏன் பேசுகிறோம் என்று கேட்பீர்கள். இந்த முற்றத்துப் பெரியம்மாவுக்கு முதல் வருடம் ஒன்றும் விளையாமல் போனதற்குக் காரணம் இந்தக் காற்றை அறியாததுதான்.

பெரியம்மா 1977 ஓகஸ்ட் கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வந்தவர். 1983க்குப் பிறகு வந்தவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் இப்படி வந்தவர்களை வன்னியில் குடியமர்த்தப் பாடுபட்டது வைத்தியர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட் ஐயாவும் நடத்திய காந்தீயம். இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். அவர் பெயரை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுப்பதில்லை. சொல்ல வேண்டும்.

வந்த புதிதில் பெரியம்மா, லயத்துக்குப் பின்னால் போட்ட மாதிரியே பங்குனியில் போஞ்சியும் கோவாவும் போட்டாராம். வைகாசிக்குள் ஒரு கொடி மிஞ்சவில்லை. "மழை வரும் வரும் என்று வானத்தைப் பார்த்தோம், காற்றுத்தான் வந்தது" என்று நேற்றிரவு சொல்லிச் சிரித்தார். பிறகு பக்கத்து வீட்டு அம்மா ஒருவர்தான் இந்த மண்ணின் கணக்கைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். 1997 மே மாதம் ஜெயசிக்குறு தொடங்கியபோது எல்லாவற்றையும் விட்டு ஓடினார்கள். திரும்பி வந்தபோது மிஞ்சி நின்றது கிணறும் ஒரு முருங்கையும். இன்று நாம் பார்க்கும் தோட்டம் அதன் பிறகு மூன்றாம் தடவையாக உண்டாக்கியது.

இனி, அவர் வருடத்தை எப்படி நடத்துகிறார் என்று பார்ப்போம். நாம் வந்த வேளை நல்ல வேளை. தோட்டம் வெறுமையாகத் தெரிகிறதே என்று நம்மில் ஒருவர் காலையில் கேட்டார். வருடத்தில் அதிக வேலை இந்த வெறுமையான மாதத்தில்தான் இருக்கிறது.

கிணற்றடியில் மட்டும் பச்சை இருக்கிறது. குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் வாழைக்கும் வல்லாரைக்கும் போகிறது. மற்றப் பாத்திகளில் கோழிகள் நிற்கின்றன. அறுவடை முடிந்த பாத்தியைக் கோழிக்குத் திறந்து விட்டிருக்கிறார். அவை கிளறிக் கிளறிப் புழுவையும் கூட்டுப்புழுவையும் களை விதையையும் தின்கின்றன, எச்சத்தையும் போடுகின்றன. நாம் முள்ளுக்குத்தும் வேலையில் பாதியை அவை செய்கின்றன. இந்தக் கோழிக்குப் பேரும் கிடையாது, பிரட்டும் கிடையாது.

கூட்டில் பரப்பிய உமியை இப்போது முழுதாக வாரி, சருகோடும் கிளிசரியா இலையோடும் அடுக்கிக் குவித்து, மழை கழுவிப் போகாதபடி மேலே கிடுகு மூடுகிறார். போன குவியல் ஆறி, மண் வாசனை வந்துவிட்டது. பூசணிக்கும் புடோலுக்கும் வெட்டிய குழிகளில் அதுதான் போகிறது. இந்த ஆறுதல் முக்கியம். நாங்கள் பள்ளிக்கூடத் தோட்டத்தில் ஒரு வருடம் புதுக் கோழி எருவை அப்படியே போஞ்சி மூட்டில் போட்டோம். பிள்ளைகள் ஆசையோடு அள்ளி அள்ளிப் போட்டார்கள். ஒரு வாரத்தில் இலை ஓரமெல்லாம் கருகி இரண்டு பாத்தியும் போயிற்று. ஆசிரியர் சொன்னதைக் கேட்டுத்தானே போட்டோம் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது. பதில் இல்லை. புது எச்சம் சூடு. சருகோடு சேர்ந்து மாதக் கணக்கில் மக்கிய பிறகுதான் அது உரம். நம் குளிரில் மக்குவதற்கு இன்னும் அதிக நாள் எடுக்கும்.

முருங்கையில் காய் ஓய்ந்ததும் கிளைகளை வெட்டி விடுகிறார். இதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. கவ்வாத்துத்தான். வெட்டாவிட்டால் முருங்கை உயரப் போய்விடும், காயும் எட்டாது, மழைக் காலத்தில் மசுக்குட்டி ஏறினாலும் கையால் ஒன்றும் செய்ய முடியாது.

புரட்டாசியில் கத்தரிக்கும் மிளகாய்க்கும் மேட்டில் நாற்று. அன்றிலிருந்து கோழிக்கு வேலி. பழைய மீன்வலைதான் கட்டியிருக்கிறார். முதல் மழை மண்ணில் இறங்கியதும் வெண்டி, பயற்றை, பூசணி நேரே விதை. ஐப்பசி, கார்த்திகையில் பயிருக்குத் தண்ணீர் பிரச்சினை இல்லை, வடிகால்தான் பிரச்சினை. கோழிக்கும் அப்படியே. கூட்டு உமி ஈரமானால் குஞ்சுக்கு இரத்தக் கழிச்சல் வரும், நுளம்பு பெருகினால் அம்மை வரும். ஈர உமியை அள்ளிவிட்டுக் காய்ந்த உமியும் சாம்பலும் போட வேண்டும். அந்த மாதங்களில் பெரியம்மா அடை வைப்பதில்லை. கோழி அடைக்குக் குந்தினாலும் எழுப்பி விடுகிறார். மழையில் பொரித்த குஞ்சு நிற்பதில்லை என்பது அவர் அனுபவம்.

தை, மாசியில் மழை விட்டு வெயில் வந்ததும் அடை. ஒரு கோழிக்குப் பத்து, பன்னிரண்டு முட்டை. இரண்டு கோழிகளை ஒரே நாளில் வைக்கிறார். ஏழாம் நாள் இரவில் டோர்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பார்த்தால் கரு இல்லாதது தெரிந்துவிடும், அதை எடுத்துவிடலாம். 21ஆம் நாள் குஞ்சு பொரிக்கும். இரண்டு கோழியின் குஞ்சுகளையும் ஒன்றோடு விட்டுவிட்டால் மற்றது விரைவில் மறுபடி முட்டைக்கு வந்துவிடும். குஞ்சுக்குக் குறுணல், அதோடு கறையான். பழைய பானைக்குள் வைக்கோலும் காய்ந்த சாணமும் வைத்துத் தண்ணீர் தெளித்துப் புற்றுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் பானை நிறையக் கறையான். நம் பக்கத்தில் இவ்வளவு கறையான் கிடைக்காது, மண்புழுதான் கிடைக்கும். விதை எடுப்பதும் தை, மாசியில்தான். முதலில் காய்த்த நல்ல காய்களை முற்ற விட்டு, உலர்த்தி, சாம்பலில் கலந்து போத்தலில் அடைக்கிறார். பிறகு சித்திரைச் சிறுமழைக்குக் கொஞ்சம் கீரை. வைகாசியில் சோளகம் எழும்பியதும் மண்ணுக்குச் சருகு மூடாக்கு.

இந்தக் கணக்கை அப்படியே மலைக்குக் கொண்டுபோனால், பெரியம்மா முதல் வருடம் செய்த பிழையைத் தலைகீழாக நாம் செய்வோம். மஸ்கெலியா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கத்துக்கு வைகாசி தொடக்கம் அடைமழை. அங்கே அடை வைக்கக் கூடாத மாதங்கள் அவை. பதுளை, பசறைப் பக்கத்துக்கு ஆடி, ஆவணியில் காய்ச்சல். மழை ஐப்பசிக்குப் பிறகு, கிட்டத்தட்ட ஓமந்தை மாதிரி. நுவரெலியாவுக்கு மேலே தையில் பனி எரிக்கும். ஆகவே ஒவ்வொரு தோட்டத்து மாதர் குழுவும் தனக்குரிய கணக்கை எழுத வேண்டும். எந்த மாதம் மழை, எந்த மாதம் காற்று, கோழி எப்போது செத்தது என்று லயத்தில் உள்ள வயதான ஆயாமாரைக் கேட்டால் போதும். சரிவில் பாத்திக்குக் குறுக்கே கான் வெட்டுவது நமக்குக் கைவந்த வேலை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கோழிக்கூடு பீலிக்கு மேலே இருக்கக் கூடாது. மேலே உள்ளது எல்லாம் மழையோடு குடிதண்ணீருக்கு வரும். புல்லுக்கு மருந்தடித்த மலைக்குள்ளும் கோழியை விடக் கூடாது.

ராணிக்கெட் என்ற கழிச்சல் நோயைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பச்சையாகக் கழியும், கழுத்து திருகும், ஒரு வாரத்தில் லயம் முழுதும் கோழி இல்லாமல் போகும். வந்த பிறகு மருந்து இல்லை, முன்பே தடுப்பூசிதான். கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். ஆனால் ஒரு சிறு குப்பி நூற்றுக்கணக்கான கோழிக்கு உரியது. குளிரில் கொண்டுவர வேண்டும், கரைத்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஐந்து கோழி வைத்திருக்கும் ஒரு வீட்டுக்காக அதை யாரும் உடைக்க மாட்டார்கள். இங்கே ஒரு நாள் குறித்து எல்லா வீட்டுக் கோழியையும் விடிய முன்பே கூட்டிலேயே மறித்து வைத்து, வீடு வீடாகப் போகிறார்கள். நம் லயங்கள் இதைவிட நெருக்கமானவை. நோயும் நமக்கு வேகமாகப் பரவும், ஊசியும் வேகமாகப் போடலாம்.

இப்போது சங்கக் கதைக்கு வருகிறோம். 2022இல் முட்டை விலை 50 ரூபாயைத் தாண்டியபோது வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த ஜூனில் அரச ஊழியர்களுக்கு அதற்காக வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுக்கத் தீர்மானித்தார்கள். கொழுந்து பறிக்கிறவர்களுக்கு அந்த வெள்ளிக்கிழமை வரவில்லை. கத்தரிக்காய் இருக்கிறதே, சம்பளம் ஏன் என்று யாராவது கேட்டால் ஏமாற வேண்டாம். அரிசியும் மாவும் பாத்தியில் விளையாது. தோட்டம் பிள்ளையின் தட்டுக்கு. 2016 மக்கள்தொகை சுகாதார ஆய்வின்படி நாடு முழுதும் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் 32 பேர். முன்வரிசையில் உட்காரும் பிள்ளைகளைப் பார்த்தாலே எங்களுக்குத் தெரிகிறது. அவர்களில் சிலர் வீட்டில் கோழி இருக்கிறது, முட்டை கடைக்குப் போகிறது. விற்க வேண்டிய கஷ்டம் எங்களுக்குத் தெரியாததல்ல. வாரத்தில் மூன்று முட்டையாவது வீட்டில் நிற்கட்டும் என்று கேட்கிறோம்.

அடுத்தது காணி. எங்கள் பக்கத்தில் ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். முப்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாவிடம், பேர் இல்லாதவருக்கு மரக்கறித் துண்டும் இல்லை என்று சொல்லி, கார்த்திகை மாதம் பயிரோடு நிலத்தைக் கேட்டார்கள். நாங்கள் போய்ப் பேசி, அறுவடை வரைக்கும் தவணை வாங்கினோம். அவ்வளவுதான் முடிந்தது. அந்த அம்மா எருக்குழியில் ஒரு வருடமாகச் சேர்த்த மண்ணையும் விட்டுவிட்டு வந்தார். அடுத்த வருடம் கையில் இருக்குமா என்று தெரியாத நிலத்தில் யார் முருங்கை நடுவார்கள், யார் எருக் குவிப்பார்கள்? வீடு கட்ட ஏழு பேர்ச் என்கிறார்கள். ஏழு பேர்ச் என்றால் சுமார் 1,900 சதுர அடி. வீடும் கக்கூசும் பாதையும் போக மிஞ்சுவதில் கூடும் நாலு பாத்தியும் வைக்கலாம், அதற்கு உறுதி கையில் இருக்க வேண்டும். இங்குள்ள உறவுகளுக்கு நிலம் அதைவிடப் பெரிது, ஆனால் நாற்பது வருடம் இருந்தும் அனுமதிப்பத்திரம் கிடைக்காத வீடுகள் உண்டு என்று நேற்று கேட்டோம். கிராம அலுவலருக்கும் பிரதேச செயலகத்துக்கும் போக வேண்டிய கடிதங்களை இன்று பின்னேரம் எழுத எங்களில் இரண்டு ஆசிரியர்கள் இருக்கிறோம். பழைய பங்கீட்டு அட்டை, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சேர்வுத் துண்டு, மின்சாரப் பற்றுச்சீட்டு, எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு வாருங்கள். மலைப் பக்கத்தில் துண்டு வைத்திருப்பவர்கள் எல்லோரும் எத்தனை வருடமாக வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியலை ஐப்பசிக்கு முன் தோட்டத் தலைவர்மாரிடம் கொடுக்க வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தையில் அதை மேசையில் வைப்போம்.

பஸ் நாளை காலை ஐந்தரைக்கு. பெரியம்மா பயற்றை விதையும் மிளகாய் விதையும் தனித்தனிச் சரையாகக் கட்டி வைத்திருக்கிறார். முருங்கைத் தடியை ஈரச்சாக்கில் சுற்றியிருக்கிறோம். அது கீழ்ப்பக்கத்துச் சூடான தோட்டங்களுக்கு மட்டும், மேலே பிழைக்காது. பதிலுக்கு நாம் கொண்டுவந்த சௌசௌக் காய் நாலையும் கிணற்றடி நிழலில் வைத்துப் பார்க்கப் போகிறாராம். சரிவராது என்று சொன்னோம். "போட்டுப் பார்ப்போமே" என்கிறார்.