மட்டிக்கும் கிராம்புக்கும் உயர்ந்த வேலி



மாறாமலை, கரும்பாறை, வெள்ளிமலைத் தோட்டங்களில் விளையும் கன்னியாகுமரி கிராம்பு 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. கல்குளம், விளவங்கோடு வட்டங்களுக்கே உரிய மட்டி வாழை 2023-இல் பெற்றது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு மசித்து ஊட்டும் பழம் அது. இரண்டுக்கும் சான்றிதழ் தந்தது சென்னையில் உள்ள பதிவகம். 1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்த நம் புவிசார் குறியீட்டுச் சட்டம் இந்திய எல்லைக்குள்தான் செல்லும். எல்லைக்கு அப்பால் இந்தப் பெயர்களை யார் காப்பது?

1995-இல் நடைமுறைக்கு வந்த, உலக வணிக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான ட்ரிப்ஸ் காக்கிறது. ஆனால் ஒரே அளவில் அல்ல. அதன் 23-ஆவது பிரிவு திராட்சை மதுவுக்கும் வடித்த மதுவுக்கும் உரியது. உண்மையான ஊரை அச்சிட்டிருந்தாலும், ‘வகை’, ‘பாணி’ என்று சேர்த்திருந்தாலும், வேற்றூர் மதுவுக்கு அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது. மற்ற விளைபொருள்களுக்கு 22-ஆவது பிரிவு மட்டுமே. வாங்குபவர் ஏமாறுகிறார், அல்லது போட்டி நேர்மையற்றது என்று காட்டியாக வேண்டும். ‘கன்னியாகுமரி வகைக் கிராம்பு, விளைந்த இடம் சான்சிபார்’ என்று ஒரு வெளிநாட்டு வணிகர் பொட்டலம் போட்டால், ஊரைத்தான் சொல்லிவிட்டோமே என்று வாதாட அவருக்கு இடமிருக்கிறது. மதுவுக்கு உயர்ந்த வேலி, கிராம்புக்குத் தாழ்ந்த வேலி. இதில் நியாயம் இல்லை. எல்லாப் பொருளுக்கும் அதே பாதுகாப்பு வேண்டும் என்று இந்தியாவும் வேறு பல நாடுகளும் கேட்டு வருகின்றன. அந்த அமைப்பின் 2001 தோஹா மாநாட்டிலும் பேசப்பட்ட அந்தக் கோரிக்கை இன்னும் நிறைவேறவில்லை.

அதற்காக நாம் கைகட்டி இருக்க முடியாது. பிறந்த நாட்டில் பாதுகாப்பு இழந்த பெயரையோ, வழக்கொழிந்த பெயரையோ பிற நாடுகள் காக்கத் தேவையில்லை என்கிறது அதே ஒப்பந்தத்தின் 24-ஆவது பிரிவு. ஆகவே முதல் வேலை நம்முடையது.

டார்ஜிலிங் தேயிலையைப் பாருங்கள். இந்தியாவில் முதலில் பதிவான குறியீடு அதுதான். தேயிலை வாரியம் தனி இலச்சினை வகுத்தது, விற்பவர்களுக்கு உரிமம் கொடுத்தது, ஏற்றுமதிச் சரக்குக்கு மூலச் சான்று வழங்கியது. 2011-இல் ஐரோப்பிய ஒன்றியமும் அந்தப் பெயரை ஏற்றது. அந்த ஏற்பு வருவதற்கு முன்பே உள்நாட்டில் ஒழுங்கு இருந்தது.

நம் குறியீடுகள் உற்பத்தியாளர் அமைப்புகளின் பெயரில் உள்ளன. பயிரிடுகிறவர் ஒவ்வொருவரும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று தனியே பதிந்தால்தான் அந்தப் பெயரைத் தம் சரக்கில் போடும் உரிமை கிடைக்கும். பத்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கவும் வேண்டும். சிறு விவசாயி தனியாக இந்தப் படிவங்களோடு அலைய முடியாது. தோட்டக்கலைத் துறையும், கூட்டுறவுச் சங்கங்களும், நம் கல்லூரிகளின் சட்ட மாணவர்களும் ஊர் ஊராக முகாம் போட்டுப் பதிந்து கொடுக்க வேண்டும். எந்தத் தோட்டத்துக் குலை, எந்த மலைக் கிராம்பு என்று சந்தை வரை கணக்கு தொடர வேண்டும்.

உலக அரங்கில் சம உரிமை கேட்கும் அரசுக்கு நாம் தரக்கூடிய வலுவான ஆதாரம் அந்தக் கணக்கேடுகள்தான். இந்தப் பருவத்திலேயே அவற்றைத் தொடங்குங்கள் என்று கேட்டு அமைகிறேன்.