வேற்றெழுத்தும் கைப்பேசியும்



பிழைப்பை நாடி வேற்று மாநிலங்களில் குடியேறிய நமக்கு, அவ்விடத்து எழுத்து நெடுநாள்வரை வெறுங்கோடுகளாகவே தோன்றும். மின்கட்டண அறிவிப்பு வந்தாலும் அண்டை வீட்டாரையே நாட வேண்டியிருந்தது. இன்று அந்நிலை மாறியுள்ளது. கூகுள் மொழிபெயர்ப்புக் கருவியில் 2011ஆம் ஆண்டில் தமிழ், கன்னடம், தெலுங்கு, வங்காளம், குஜராத்தி ஆகியவை ஒருசேர இடம்பெற்றன. 2022இல் மத்திய அரசு ‘பாஷினி’யைத் தொடங்கிற்று. கைப்பேசியின் கேமராவைத் தாளுக்கு நேரே பிடித்தால் தமிழில் பொருள் தோன்றுகிறது, கட்டணம் ஏதுமில்லை.

ஆயினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. இயந்திரம், தான் பழகிய தொடர்களைக் கொண்டு ஊகித்தே மொழிபெயர்க்கிறது. ஓர் எதிர்மறைச் சொல் விடுபட்டாலும் வாக்கியம் வழுவின்றியே காணப்படும், பொருளோ தலைகீழாகிவிடும். வாடகை ஒப்பந்தத்தில் முன்பணம் ‘திருப்பித் தரப்படும்’ என்பதற்கும் ‘தரப்படமாட்டாது’ என்பதற்கும் இடையே ஒரு குடும்பத்தின் சேமிப்பே அடங்கியிருக்கிறது.

ஆகவே, அறிவிப்பின் கருத்தை அறிய இயந்திரம் போதும். கையொப்பமிடுமுன் தொகை, தேதி, நிபந்தனை ஆகியவற்றை அம்மொழி அறிந்த ஒருவரைக் கொண்டு சரிபார்ப்போம். அவ்வெழுத்தையும் சிறிது சிறிதாகக் கற்போம். நம்மை வாழவைக்கும் ஊருக்கு அது நாம் செலுத்தும் மரியாதையுமாகும்.