வாயில்லா ஜீவனின் பிரிவும் குழந்தை மனமும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

உயிர்களிடத்து அருள் என்பது நம் சமயத்தின் வேர். எறும்பைக் கண்டால் விலகி நடக்கவும், நீரை வடிகட்டிப் பருகவும், பொழுது சாயும் முன் உண்ணவும் நம் பிள்ளைகள் சிறு வயதிலேயே பழகுகின்றனர். அவ்வாறு வளர்ந்த பிள்ளை, தான் சோறு வைத்து வளர்த்த நாயோ பூனையோ கன்றோ இறந்துபோகும் நாளில் நம்மை நிமிர்ந்து பார்க்கிறது. அந்தப் பார்வைக்கு நாம் தரும் விடை என்ன? இவ்விழா நாளில் இதனைச் சிறிது சிந்திப்போம்.

அரியலூரில் ஒரு வீட்டைக் கற்பனை செய்து கொள்வோம். நான்காம் வகுப்புப் பயிலும் ஒரு சிறுமி. அவளுக்கு ஐந்து வயதுத் தம்பி. அவர்கள் வளர்க்கும் நாயின் பெயர் மணி. ஒருநாள் காலையில் பள்ளிக்குச் செல்லும் அவசரத்தில் சிறுமி வெளிக்கதவைத் தாழிடாமல் சென்றுவிடுகிறாள். நாய் சாலைக்கு ஓடுகிறது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஓயாது செல்லும் சாலை அது. பிள்ளைகள் வீடு திரும்பும் முன்பே தந்தை நாயின் உடலை அப்புறப்படுத்திவிடுகிறார்.

அன்று மாலை சிறுமியிடம் தந்தை, “மணி எங்கேயோ ஓடிப்போய்விட்டது” என்கிறார். சிறுவனிடம் தாய், “மணி தூங்குகிறது, இனி எழாது” என்கிறார். சிறுமி விடாமல் கேட்டு உண்மையை அறிந்து அழுதபோது பாட்டியார், “அதன் வினை அவ்வளவுதான், ஒரு நாய்க்காக இப்படியா அழுவது?” என்கிறார். மூவரும் அன்பினால்தான் பேசினர். ஆயினும் மூன்று சொற்களும் அப்பிள்ளைகளை மேலும் துன்புறுத்தின. ஏன் என்பதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, ஓடிப்போய்விட்டது என்ற சொல். ஓடியது திரும்பி வரும் என்று பிள்ளை நம்பும். நாள்தோறும் வாயிலில் நின்று எதிர்பார்க்கும். வரவில்லையெனில், தன்மேல் அன்பில்லாமல் மணி போய்விட்டது என்று எண்ணும். பின்னர் உண்மை தெரியும்போது நாயை இழந்த துயரோடு, அப்பா பொய் சொன்னார் என்ற துயரும் சேரும். வாய்மை இல்லறத்தார்க்கு உரிய ஐந்து அணுவிரதங்களுள் ஒன்று. பிள்ளைக்கு வலிக்குமே என்பதற்காக அவ்விரதத்தைத் தளர்த்துவதால் வலி குறைவதில்லை. சில நாள் தள்ளிப்போகிறது, அவ்வளவே.

இரண்டாவது, தூக்கம் என்ற சொல். பெரியோர்க்கு அது இடக்கரடக்கல். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது நேர்ப்பொருள். தூங்கினால் எழாமற்போகலாம் என்று கேட்ட பிள்ளை இரவில் கண்மூட அஞ்சும். அங்கேரி நாட்டு உளவியலார் மரியா நாகி என்பவர் புடாபெஸ்ட் நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் மூன்று முதல் பத்து வயது வரையுள்ள 378 குழந்தைகளிடம் இறப்பைப் பற்றி உசாவி, 1948இல் தம் ஆய்வை வெளியிட்டார். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் பலர் இறப்பை ஓர் உறக்கமாகவோ, மீண்டு வரக்கூடிய ஒரு பயணமாகவோ கருதினர் என்றும், இறப்பு மீளாதது, எல்லார்க்கும் உரியது என்ற தெளிவு ஒன்பது வயதையொட்டியே அமைந்தது என்றும் அவர் கண்டார். பின்வந்த ஆய்வாளர்கள் இத்தெளிவு பலர்க்கு ஐந்து முதல் ஏழு வயதிற்குள்ளேயே தோன்றுவதாகக் கூறுகின்றனர். எவ்வாறாயினும் சிறு பிள்ளைக்குச் சுற்றிவளைத்த சொல் பயன்படாது.

அப்படியானால் எவ்வாறு சொல்வது? அருகில் அமர்ந்து, கையைப் பற்றிக்கொண்டு, “மணி இறந்துவிட்டது. அதன் நெஞ்சு துடிப்பதில்லை, மூச்சு வருவதில்லை. அதற்கு இப்போது வலி இல்லை, பசி இல்லை. அது திரும்பி வராது. எங்களுக்கும் அழுகை வருகிறது” என்று சொல்லலாம். இவை அனைத்தும் உண்மை. நாளையும் அதே கேள்வியைப் பிள்ளை கேட்கும். சலிப்பின்றி அதே விடையைத் தருதல் வேண்டும். பிள்ளை அப்போதே விளையாடச் சென்றுவிட்டால் அதனைக் கல்நெஞ்சம் என்று கருதலாகாது. குழந்தைகள் துயரைச் சிறிது சிறிதாகவே தாங்குவர். சற்று விளையாடுவர், மீண்டும் வந்து அழுவர்.

மூன்றாவது, வினை என்ற சொல். இது நம் சமயத்துக்கே உரிய பெருஞ்சொல். ஆகவே இங்குதான் மிகுந்த கவனம் தேவை. வினைக் கொள்கை ஒருவன் தன் வாழ்வைத் திருத்திக்கொள்வதற்குத் தரப்பட்ட விளக்கு. அழுகின்ற பிள்ளையின் வாயை அடைப்பதற்கு அதனைப் பயன்படுத்தினால், மணி ஏதோ தீமை செய்து தண்டனை பெற்றது என்றே அப்பிள்ளை விளங்கிக்கொள்ளும். நாய்க்காக அழலாமா என்று கேட்பதும் நம் மரபுக்கு ஒவ்வாது. நாயும் பசுவும் ஐந்து பொறிகளும் மனமும் உடைய உயிர்கள் என்றே நம் நூல்கள் வகுக்கின்றன.

திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியில், குணமாலையார் இலம்பகத்தில் வரும் நிகழ்ச்சியை இங்கு நினைவுகூர்வது தகும். உணவைத் தீண்டியது என்பதற்காக ஒரு நாயை அந்தணர் சிலர் கடுமையாக அடித்துவிடுகின்றனர். அவ்வழி வந்த சீவகன் அது சாகும் நிலையில் கிடப்பதைக் காண்கிறான். அவன் அரசகுமாரன், ஊரெல்லாம் நீர்விளையாட்டு விழாவில் திளைத்திருக்கும் வேளை. ஆயினும் அவன் கடந்து போகவில்லை. அதன் உயிரைக் காக்க இயலாது என அறிந்ததும், அதன் செவியில் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதுகிறான். அந்த நாய் மறுபிறப்பில் சுதஞ்சணன் என்னும் தேவனாகி, நன்றி மறவாது வந்து, பின்னாளில் கட்டியங்காரனால் சீவகனுக்கு உயிர்க்கேடு நேர இருந்தபோது அவனைக் காக்கிறது.

இக்கதையைப் பிள்ளைக்குச் சொல்லலாம். ஆனால், “மணியும் தேவனாகிவிட்டது” என்று உறுதிமொழி தர வேண்டா. அதனை அறியும் ஞானம் நமக்கில்லை. சீவகன் செய்ததை எடுத்துக் காட்டுவதே போதும். பிழைக்க வைக்க முடியாதபோதும் அருகில் இருப்பதற்கும் நல்ல சொல் சொல்வதற்கும் முடியும் என்பதே பிள்ளை அதிலிருந்து கற்க வேண்டிய பாடம். உளுந்தூர்ப்பேட்டையை அடுத்த திருநறுங்கொண்டைக்குச் சென்று அப்பாண்டைநாதரை வணங்கிய பிள்ளைகள், பார்சுவநாதரின் முடிமேல் படம் விரித்த பாம்பைக் கண்டிருப்பர். எரியும் விறகினுள் அகப்பட்ட பாம்புகளுக்கு அப்பெருமான் இரங்கியதையும், அவை தரணேந்திரனாகவும் பத்மாவதியாகவும் பிறந்ததையும் அவர்களுக்கு இத்தருணத்தில் நினைவூட்டலாம்.

“மணி இப்போது இருட்டில் தனியாக இருக்குமா?” என்று பிள்ளை கேட்கக்கூடும். இக்கேள்விக்கு நம் சமயம் தரும் விடை அச்சத்தைப் போக்குவது. உடலை நீங்கிய உயிர் பேயாய் அலைவதில்லை. தெருவில் குளிரில் நிற்பதில்லை. கண நேரத்தில் அடுத்த பிறவியைச் சென்று சேர்கிறது. மண்ணில் புதைக்கப்படுவது மணி விட்டுச்சென்ற உடல் மட்டுமே. இவ்வளவு சொன்னால் போதும்.

இனி, அவ்வீட்டில் எவரும் கேளாத ஒன்று உண்டு. கதவைத் தாழிடாதவள் அச்சிறுமி. அவள் அதனை யாரிடமும் சொல்லவில்லை. “என்னால்தான் செத்தது” என்ற எண்ணம் அவளை உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது. கொல்லாமை கற்ற வீட்டுப் பிள்ளைக்கு இச்சுமை மற்றவர்களினும் பெரிது. ஆகவே பெற்றோர் தாமாகவே இதனைக் கேட்டறிய வேண்டும்.

அவளுக்கு என்ன சொல்வது? “உன் தவறு எதுவுமே இல்லை” என்பதும் முழு உண்மையன்று. அவள் அதனை நம்பமாட்டாள். யசோதர காவியத்தில் மன்னன் பலியிட்டது மாவினால் செய்த கோழியைத்தான். ஆயினும் கொல்லும் எண்ணம் கலந்தமையால் அவனும் அவன் தாயும் விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்றனர். வினையின் கனம் எண்ணத்தில் இருக்கிறது என்பது அக்காவியம் உணர்த்தும் உண்மை. அதே அளவுகோலால் அளந்தால், மணியின்மேல் உயிரையே வைத்திருந்த சிறுமியிடம் கொலை இல்லை. கவனக்குறைவு ஒன்றே உண்டு. கவனக்குறைவுக்கு நம் மரபு வழி வகுத்திருக்கிறது. செய்ததை வாய்விட்டுச் சொல்லுதல், மன்னிப்பு வேண்டுதல், இனி விழிப்போடிருக்க உறுதி கொள்ளுதல் ஆகிய மூன்றுமே அது. மணியைப் புதைத்த இடத்தில் நின்று, “கதவைச் சாத்த மறந்துவிட்டேன், மன்னித்துக்கொள்” என்று அவள் சொல்லட்டும். அருகில் தந்தை நின்று, “தாழ்ப்பாளை உயரத்தில் வைத்தது நாங்கள். எங்களையும் மன்னித்துக்கொள்” என்று தம் பங்கையும் சொல்லட்டும். அதன்பின் அப்பேச்சை வீட்டில் எவரும் குத்திக்காட்டலாகாது. மன்னிப்பு என்பது முடிந்துபோக வேண்டிய ஒன்று.

விடைகொடுத்தல் பிள்ளைக்குத் தேவை. விரும்பும் பிள்ளை உடலைக் காணட்டும். விரும்பாத பிள்ளையை வற்புறுத்த வேண்டா. விபத்தில் சிதைந்த உடலாயின் துணியால் மூடிக் காட்டலாம். கிணற்றுக்கும் நீர்நிலைக்கும் தொலைவில், நாய் நரி தோண்டாத ஆழத்தில் குழி வெட்டுதல் வேண்டும். ஒன்றை மட்டும் மறவாதிருங்கள்: நோயால் இறந்த விலங்கின் உடலைப் பிள்ளைகள் வெறுங்கையால் தொடலாகாது. இறந்த நாய் முன்னர்ப் பிள்ளையைக் கடித்திருந்தாலோ, கீறியிருந்தாலோ, புண்ணை நக்கியிருந்தாலோ, துயரத்தினிடையே அதனை மறந்துவிடாமல், அவ்விடத்தைச் சோப்பிட்டு நீரால் நன்கு கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வெறிநோய் வெளிப்பட்டபின் காப்பது அரிது. முன்னரே இடும் தடுப்பூசி காக்கும்.

விலங்கை நினைவில் நிறுத்துவது நம் தமிழ்நிலத்துக்குப் புதிதன்று. திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, வீரனோடு அவன் நாயையும் காட்டுகிறது. கோவிவன் என்னும் அந்த நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தி அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு நாயின் பெயரை நாம் படிக்கிறோம். நம் பிள்ளையும் ஒரு கல்லில் வண்ணத்தால் மணி என்று எழுதி நடட்டும், படம் வரையட்டும், அதன் பெயரால் ஒருநாள் தெருநாய்களுக்கு நீர்த்தொட்டி வைக்கட்டும்.

சில நாள் கழித்துப் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூருக்கு அழைத்துச் செல்லலாம். அங்குக் கிடக்கும் கல்மரம் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து விழுந்த மரம். 18 மீட்டர் நீளம் உடையது. இவ்விரு மாவட்டங்களின் பெரும்பகுதி அந்நாளில் கடலாக இருந்தது. அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகளில் அக்கடலில் வாழ்ந்த சங்கும் சிப்பியும் இன்றும் கிடைக்கின்றன. வாரணவாசி அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம். பிறந்த உடல் எதுவாயினும் நீங்கும் என்பதை நம் ஊர் மண்ணே பிள்ளைக்குச் சொல்லும். தனக்கு மட்டும் நேர்ந்த தண்டனை அன்று இது என்று அதனைக் கண்ட பிள்ளை உணரும்.

மீளா நோயுற்ற விலங்கை ஊசியிட்டு முடித்துவிடலாமா என்ற கேள்வியும் இக்காலத்தில் எழுகிறது. சல்லேகனை என்பது ஒருவர் தாமே அறிந்து ஏற்கும் நோன்பு; பிறிதோர் உயிருக்கு நாம் அதனைத் தீர்மானிக்க இயலாது. சென்னை அயனாவரத்தில் நூறாண்டு கடந்து நடைபெறும் பிஞ்சராபோல் போன்ற காப்பகங்கள், பயன் தராத மாடுகளையும் இறுதிவரை பேணும் மரபில் வந்தவை. கால்நடை மருத்துவரிடம் வலி தணிக்கும் மருந்து கேட்டுப் பெற்று, உடனிருந்து பேணுவதே நமக்கு உகந்த வழி. எம்முடிவாயினும் அதன் பொறுப்பைப் பெரியோரே ஏற்க வேண்டும். பிள்ளையின் தலையில் அதனை வைக்கலாகாது.

மறுநாளே புதிய நாய்க்குட்டியை வாங்கி வருதலும் வேண்டா. ஓர் உயிருக்கு மற்றோர் உயிர் ஈடாகாது என்று கற்பிப்பதுதானே நம் அறம்? பிள்ளை தானாகக் கேட்கும் நாள் வரட்டும். பல வாரம் சென்றும் பிள்ளை உண்ணாமல், உறங்காமல், பள்ளிக்குச் செல்ல மறுத்தால் மட்டும் மருத்துவரை நாடுங்கள்.

அன்பர்களே, வீட்டில் பின்னொரு நாள் பாட்டனாரோ பாட்டியாரோ மறையும் காலம் வரும். அன்று அப்பிள்ளை எவ்வாறு துயரைத் தாங்கும் என்பது, இன்று நாயின் குழியருகே அது கற்றதைப் பொறுத்தது. உண்மையைச் சொல்வார்கள், அழவிடுவார்கள், அருகில் இருப்பார்கள் என்ற நம்பிக்கையை இன்றே அதற்குத் தருவோம். எவ்வுயிரும் இன்புறுக, அறம் வளர்க. ஜெய் ஜினேந்திரா.