அமெரிக்காவிலேயே முடியவில்லையாம்!

(சங்கராபுரத்தில் நடந்த மதுவிலக்குப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

தாய்மார்களே, பெரியோர்களே, கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து, திரும்பிப் போக பஸ் கிடைக்குமா என்ற கவலையோடு உட்கார்ந்திருக்கும் தோழர்களே!

சாராயத்தைப் பற்றிப் பேச வந்த நான் இன்றைக்கு அமெரிக்காவைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். சங்கராபுரத்துக்கும் வாஷிங்டனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தத்தை உண்டாக்கியவன் நானல்ல. மதுவிலக்கு என்று நாம் வாயைத் திறந்தால் போதும், உடனே ஒரு படித்தவர் எழுந்து, "அமெரிக்காவிலேயே முடியலைங்க, இங்க முடியுமா?" என்கிறார். டீக்கடையிலும் இதே பேச்சு, டிவி விவாதத்திலும் இதே பேச்சு. அதோடு வாய் அடைத்துப்போகிறது. சரி, அங்கே என்னதான் நடந்தது? இன்றைக்குக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

அமெரிக்கா என்ற அரசு பிறந்து தவழ்ந்துகொண்டிருந்த காலம். கடன் கழுத்தை நெரித்தது. 1791-இல் விஸ்கிக்கு வரி போட்டார்கள். பென்சில்வேனியாவின் மேற்கே இருந்த மலைநாட்டு விவசாயிகள், விளைந்த தானியத்தைச் சாராயமாகக் காய்ச்சி விற்றுப் பிழைத்தவர்கள், கட்ட மாட்டோம் என்றார்கள். 1794-இல் ஜார்ஜ் வாஷிங்டன் தானே முன்னின்று ஆயிரக்கணக்கான படைவீரர்களைக் கூட்டிக்கொண்டு போனார். கவனியுங்கள், தாய்மார்களே! அந்த அரசு தன் சொந்தக் குடிமக்கள் மேல் படையெடுத்தது சாராயத்தை ஒழிக்க அல்ல, சாராய வரியை வசூலிக்க!

அந்த வரி 1802-இல் நீங்கியது. 1862-இல் உள்நாட்டுப் போருக்குப் பணம் வேண்டும் என்று லிங்கன் காலத்தில் திரும்பி வந்தது. வந்தது போகவே இல்லை. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது மத்திய அரசின் வருமானத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குடியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

குடிகாரனிடம் அடி வாங்கிய பெண்கள் சும்மா இருக்கவில்லை. 1874-இல் கிறிஸ்தவப் பெண்கள் மதுவிலக்குச் சங்கம் கட்டினார்கள். சாராயக் கடை வாசலில் மண்டியிட்டு ஜெபம் செய்தார்கள். பத்து வருஷம், இருபது வருஷம், முப்பது வருஷம். சில மாநிலங்கள் அசைந்தன, தேசம் அசையவில்லை. ஏன்? கஜானா அசைய விடவில்லை. 1913-இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி வருமான வரியைக் கொண்டுவந்தார்கள். பணத்துக்கு வேறு வாசல் திறந்தது. அடுத்த ஆறே ஆண்டுகளில், 1919-இல், மதுவிலக்குச் சட்டத்திருத்தம் நிறைவேறியது. 1920 ஜனவரி 17-இல் நடைமுறைக்கு வந்தது. முதலில் வரி, அப்புறம் விலக்கு. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

அந்தச் சட்டத்தில் அழுக்கும் இருந்தது, மறைக்க மாட்டேன். பீர் காய்ச்சியவர்கள் பெரும்பாலும் ஜெர்மானியர்கள், உலகப் போரில் ஜெர்மனி எதிரி. குடிக்கிறவன் என்றால் ஐரிஷ்காரன், இத்தாலிக்காரன், பிழைக்க வந்தவன் என்று பேசினார்கள். கறுப்பின மக்களை வேட்டையாடிய கூ கிளக்ஸ் கிளான் கும்பல் மதுவிலக்குக்குக் கொடி பிடித்தது. இன்றைக்கு மெக்சிகோவிலிருந்து பிழைக்கப் போகிறவன் தலையில் விழும் பழி, அன்றைக்கு அவர்கள் தலையில் விழுந்தது.

சட்டமாவது சமமா? காய்ச்சுவது குற்றம், விற்பது குற்றம், ஏற்றிச் செல்வது குற்றம். குடிப்பது குற்றமில்லை! பணக்காரன் முன்கூட்டியே வாங்கி நிலவறையில் அடுக்கிக்கொண்டான். டாக்டர் சீட்டு இருந்தால் மருந்துக்கடையில் விஸ்கி. கூலிக்காரனுக்கு என்ன கிடைத்தது? அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

தொழிற்சாலைக்கு ஆல்கஹால் வேண்டும், பெயின்ட்டுக்கு வேண்டும். அதை யாரும் குடித்துவிடக் கூடாது என்று அரசே அதில் விஷம் கலக்கச் சொன்னது. கலந்த விஷம் எது தெரியுமா? மெத்தனால். கள்ளச்சாராயத்துக்கு உயிர்களைப் பறிகொடுத்த கருணாபுரத்துப் பெண்களுக்கு அந்தப் பெயரை நான் விளக்க வேண்டியதில்லை. கடத்தல்காரர்கள் அந்த ஆல்கஹாலைத் திருடி, விஷத்தைப் பிரித்து விற்றார்கள். பிரிக்கிறார்களா, இன்னும் அதிகமாகக் கலப்போம் என்று 1926 கடைசியில் வாஷிங்டன் முடிவெடுத்தது. அந்தக் கிறிஸ்துமஸ் சமயத்தில் நியூயார்க் ஆஸ்பத்திரிகளில் பார்வை போனவர்களும் பிணங்களுமாகக் குவிந்தார்கள். நகரத்தின் தலைமைப் பிரேதப் பரிசோதகர் சார்லஸ் நாரிஸ், அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டே, இந்தச் சாவுகளுக்கு அரசே பொறுப்பு என்று பகிரங்கமாகச் சொன்னார். சாகிறவர்கள் நல்ல சரக்கு வாங்கக் காசில்லாத ஏழைகள் என்றும் சொன்னார். மதுவிலக்கு இயக்கத்தின் பெருந்தலைவர் வேய்ன் வீலர் என்ன பதில் சொன்னார்? அதைக் குடிக்கிறவன் தெரிந்தே தற்கொலை செய்துகொள்கிறவன் என்றார்.

தோழர்களே, இந்தப் பதிலை நாம் எங்கேயோ கேட்டிருக்கிறோம் அல்லவா? 2024 ஜூன் மாதம். கள்ளக்குறிச்சி கருணாபுரம். கோர்ட்டுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கூப்பிடு தூரம். பாக்கெட் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஒரே தெருவில் வரிசையாகப் பாடை. மூட்டை தூக்கியவர்கள், கூலிக்குப் போனவர்கள், பெண்களும் உண்டு. சுடுகாட்டில் விறகு அடங்குவதற்கு முன்பே ஊரெல்லாம் பேச்சு: "குடிச்சுச் செத்தவனுக்கு எதுக்குப் பத்து லட்சம்?" அந்த நிவாரணத்தை எதிர்த்து வழக்கே போட்டார்கள். நூறு வருஷம் கழித்து, கடல் கடந்து, அதே வீலர் நம் தெருவில் நின்று பேசுகிறார்!

நான் கேட்கிறேன். அந்த மெத்தனால் கருணாபுரத்து வீட்டுக் கொல்லையில் காய்ச்சியதா? மலையில் வெல்லமும் பட்டையும் போட்டு ஊறல் வைத்தால் மெத்தனால் பேரல் பேரலாக வருமா? அது தொழிற்சாலைச் சரக்கு. லைசென்ஸ் உண்டு, கணக்கு உண்டு, தமிழ்நாட்டில் அதற்கென்று 1959-லேயே விதிகள் உண்டு. ஆனால் மலையில் என்ன நடக்கிறது? ஓடைக்கரையில் ஊறலைக் கண்டுபிடித்து அழித்தோம் என்று மாதந்தோறும் போட்டோ வருகிறது. பேரல் வந்த பாதையின் போட்டோ வரவில்லை. வழக்கை சிபிஐக்கு மாற்ற 2024 நவம்பரில் உயர்நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது.

மறுபடி அமெரிக்கா. மதுவிலக்கு தோற்றது என்கிறார்களே, எதில் தோற்றது? குடி குறைந்தது. கல்லீரல் வெந்து சாவது குறைந்தது. இது ஆராய்ச்சியாளர்கள் ஒப்புக்கொண்டது. தோற்றது போலீஸ், தோற்றது லஞ்சம் வாங்கிய அதிகாரி. அல் கபோனைக் கூட சாராயக் கேஸில் பிடிக்க முடியாமல் 1931-இல் வருமான வரிக் கேஸில்தான் உள்ளே தள்ளினார்கள். ஆனால் சட்டத்தின் உயிரை எடுத்தது வேறு. 1929-இல் பங்குச் சந்தை விழுந்தது. சம்பளம் போனது, லாபம் போனது, வருமான வரி வற்றியது. டூபான்ட் குடும்பம் போன்ற பெருமுதலாளிகள் மதுவிலக்கு எதிர்ப்புச் சங்கத்துக்குப் பணத்தைக் கொட்டினார்கள். கடையைத் திறந்தால் தொழிலாளி குடிக்கும் பீரில் வரி வரும், நம் வருமான வரி குறையும் என்பது அவர்கள் கணக்கு. 1933 டிசம்பர் 5-இல் சட்டம் போனது. வருமான வரி வந்தபோது கடை மூடியது, வருமான வரி வற்றியபோது கடை திறந்தது. "அமெரிக்காவிலேயே முடியலைங்க" என்கிறவர் இந்தப் பாதியைச் சொல்வதில்லை. வசதியாக மறந்துவிடுகிறார்.

நம் கதைக்கு வாருங்கள். 1937 அக்டோபர் 1. ராஜாஜி முதன்முதலில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். நம் மலையின் மேற்குச் சரிவு, ஆத்தூர்ப் பக்கம், சேலம் மாவட்டம், அங்கே கடை மூடியது. கிழக்கே இறங்கினால் தென்னாற்காடு, இங்கே கடை திறந்தே இருந்தது! ஒரு மலை, இரண்டு சட்டம். ராஜாஜியோடு எனக்கு ஆயிரம் சண்டை உண்டு, ஆனால் கணக்குத் தெரிந்த மனிதர். போகிற காசுக்கு ஈடாக 1939-இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். நாட்டிலேயே முதல் பொது விற்பனை வரி அது. 1948 அக்டோபர் 2-இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், நம் பழைய தென்னாற்காட்டு விவசாயி.

1971-இல் கலைஞர் ஆட்சி மதுவிலக்கைத் தளர்த்தியது. புதிதாகக் கடை மூடும் மாநிலத்துக்குத்தான் மானியம், ஏற்கெனவே மூடிய உங்களுக்கு இல்லை என்று டெல்லி சொன்னதை அவர்கள் காரணமாகச் சொன்னார்கள். அப்புறம் மூடினார்கள். 1981-இல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1983-இல் டாஸ்மாக் பிறந்தது. 2003-இல் ஜெயலலிதா ஆட்சியில் சில்லறைக் கடையும் அரசின் கைக்கு வந்தது. 2016-இல் பதவியேற்ற அன்றே 500 கடை மூடக் கையெழுத்துப் போட்டார், 2023-இல் அடுத்த ஆட்சி இன்னொரு 500. கடை குறைந்ததே, வருமானம் குறைந்ததா? 2023-24-இல் 45,000 கோடியைத் தாண்டியது, அடுத்த வருஷம் இன்னும் ஏறியது. இதோடு ராஜாஜி கொண்டுவந்த அந்த விற்பனை வரியும் இன்றைக்கு வேறு உருவத்தில் ஜிஎஸ்டியாக உங்களிடம் வசூலாகிறது. ஈடுகட்ட வந்த வரியையும் கட்டுகிறோம், சாராய வரியையும் கட்டுகிறோம்!

இன்றைய அமெரிக்காவையும் பாருங்கள். டிரம்ப் மது தொடாதவர். அவருடைய அண்ணன் குடியால் செத்தவர். அந்த வலியை நான் கேலி பேச மாட்டேன். ஆனால் ஃபென்டனில் என்ற போதை மருந்து வருகிறது என்று காரணம் சொல்லி 2025-இல் சீனா, கனடா, மெக்சிகோ மேல் இறக்குமதி வரி போட்டார். அந்த வரி வருமான வரிக்கே மாற்றாகிவிடும் என்றும் பேசினார். மறுபடியும் வரிக்கணக்கு! அதே ஆண்டு ஆகஸ்ட் 27 முதல் நம் நாட்டுச் சரக்குக்கு 50 சதவீதம் என்றார், காரணம் ரஷ்யாவின் எண்ணெய், அடி விழுந்தது திருப்பூரில். அந்தச் செப்டம்பரில் கரீபியன் கடலில், போதை கடத்துகிறார்கள் என்று படகுகளைக் குண்டு வீசி அழிக்கத் தொடங்கினார்கள். கைது இல்லை, கோர்ட் இல்லை. 2015 ஏப்ரல் 7-இல் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லி, நம் பக்கத்து மாவட்டங்களின் இருபது கூலிகளை ஆந்திர போலீஸ் சுட்டுக் கொன்றதே, அது போல. மரத்தை வாங்கிய முதலாளி மேல் அன்று ஒரு குண்டும் பாயவில்லை.

ஆகவே ஓட்டுக் கேட்டு வருகிறவர் "மதுவிலக்கு கொண்டுவருவோம்" என்றால் கை தட்டாதீர்கள். "எந்த வரியில் ஈடு கட்டுவீர்கள்? எத்தனை வருஷத்தில்? நகைக்கடைக்காரரிடமா, குவாரிக்காரரிடமா, எங்கள் அரிசியிலா?" என்று கேளுங்கள். "முடியவே முடியாது" என்றால், "அப்போது மெத்தனால் பேரலுக்குக் கணக்கு காட்டுங்கள்" என்று கேளுங்கள். 2024 அக்டோபர் 2-இல் இதே மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டையில், மது ஒழிப்புக்காகப் பெண்கள் கடல் போலக் கூடினார்களே, அந்த மேடையில் ஏறிய கட்சிகளும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பத்து மணிக்கு மைக்கை நிறுத்தச் சொல்லி போலீஸ்காரர் வாட்சைக் காட்டுகிறார். மலையிலிருந்து வந்த அக்கா ஒருவர் பேசக் காத்திருக்கிறார். அவருக்குப் பத்து நிமிஷமாவது வேண்டும். மைக்கைக் கொடுத்துவிடுகிறேன்.