நர்சரியில் சேர்க்கும் முன்...
(புதுக்கடையில் பெற்றோர்களிடையே ஆற்றிய உரை)



பிள்ளைக்கு மூன்று வயது ஆகும் முன்பே எந்த நர்சரி என்ற பேச்சு நம் வீடுகளில் தொடங்கி விடுகிறது. டை உண்டா, ஷூ உண்டா, டீச்சர் இங்கிலீஷ் பேசுவாரா என்றெல்லாம் விசாரிக்கிறோம். தீப்பிடித்தால் பிள்ளை எந்த வழியாக வெளியே வரும் என்று கேட்டதுண்டா?

கும்பகோணத்தை நினைத்துப் பாருங்கள்! 2004 ஜூலை 16. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள். சமையற்கூடத்தில் பிடித்த தீ, வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. மாடியிலிருந்து இறங்கக் குறுகலான படிக்கட்டு. 94 பிஞ்சுகள் மாண்டனர். அந்தப் பெற்றோரும் நம்பித்தானே அனுப்பினார்கள்! வழக்கில் தீர்ப்பு வந்ததோ 10 ஆண்டுகள் கழித்து, 2014ல்.

கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு உத்தரவிட்டது. கூரை மாறினால் போதுமா? தனியார் பள்ளி அங்கீகாரம் பெறக் கட்டட உரிமம், கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று நான்கும் வேண்டும். காட்டச் சொல்லுங்கள். காசு கட்டுகிறவர் கேட்பதில் என்ன வெட்கம்? நிர்வாகி முகம் சுளித்தால், அட்மிஷன் பாரத்தை அவர் மேஜையிலேயே வைத்து விட்டு வாருங்கள்!

பள்ளி நடக்கும் நேரத்தில் ஒருமுறை போங்கள். நோட்டீஸில் அச்சடித்த கட்டடத்தில்தான் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்களா? கேட் பூட்டியிருந்தால் சாவி யாரிடம்? கழிப்பறையில் தண்ணீர் உண்டா, கழுவி விட ஆயா உண்டா? (இங்கிலீஷ் பாட்டு அப்புறம் கேட்கலாம்.)

வேனையும் விட்டு விடாதீர்கள். பள்ளி வாகனங்களுக்கென 2012ல் தமிழக அரசு தனி விதிகளே கொண்டு வந்தது. டிரைவரைத் தவிர உதவியாளர் ஒருவரும் வண்டியில் இருக்க வேண்டும். நாளைக் காலை புதுக்கடை சந்திப்பில் வேன் நிற்கும்போது, அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று எட்டிப் பாருங்கள்.