கணக்கு எழுதியவன் யார்?



கூலி உயர்வு கேட்டால் உடனே ஒருவர் செல்பேசியை நீட்டுகிறார். "கூலி உயர்ந்தால் வேலை போய்விடும், இதோ ஆராய்ச்சி சொல்கிறது" என்கிறார். பார்த்தால் இணையதளம் பளிச்சென்று இருக்கிறது. அட்டவணை இருக்கிறது, பேராசிரியர் பெயரும் இருக்கிறது. நாம் வாயடைத்துப் போகிறோம்.

அமெரிக்காவில் நடந்த ஒரு சங்கதியைக் கேளுங்கள். அங்கே மத்திய சட்டப்படி குறைந்தபட்சக் கூலி 2009-ல் மணிக்கு 7.25 டாலர் ஆயிற்று. அதை 10.10 டாலராக உயர்த்த வேண்டுமென்ற கோரிக்கை 2014-ல் வலுத்தது. கூடவே கூடாது, வேலை பறிபோகும் என்று 'எம்ப்ளாய்மெண்ட் பாலிஸீஸ் இன்ஸ்டிட்யூட்' என்ற ஸ்தாபனம் பிரசாரம் செய்தது. 'குறைந்தபட்சக் கூலி' என்ற பெயரிலேயே ஓர் இணையதளமும் நடத்தியது. பெயரைக் கேட்டால் தொழிலாளிக்குப் பரிந்து பேசுவது போல இல்லையா?

'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை அந்த விலாசத்தைத் தேடிப் போய்ப் பார்த்து, 2014 பிப்ரவரியில் எழுதியது. வாசலில் இருந்த பலகை 'பெர்மன் அண்ட் கம்பெனி' என்றது. சாப்பாட்டு ஹோட்டல் முதலாளிகளுக்காகப் பிரசாரம் செய்யும் கம்பெனி அது! ஆராய்ச்சி ஸ்தாபனத்துக்கென்று சொந்தமாக ஒரு சிப்பந்தி கூடக் கிடையாது. கூலி கொடுக்க வேண்டியவனின் ஆளே கூலிக் கணக்கு எழுதியிருக்கிறான்.

படித்தவர்கள் கண்டுபிடித்திருப்பார்கள் என்கிறீர்களா? ஸ்டான்போர்டு சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் இதே தளத்தை மாணவர்கள் முன் வைத்தார்கள். கல்லூரி மாணவர்களில் 100-க்கு 93 பேர் ஏமாந்ததாக 2016-ல் எழுதினார்கள். இன்னொரு சோதனையில், டாக்டர் பட்டம் பெற்ற சரித்திர ஆசிரியர்களே தடுமாறினார்கள். தடுமாறாதவர்கள், செய்தியைச் சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள். அவர்கள் அந்தப் பக்கத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. உடனே வெளியே வந்து, இந்த ஸ்தாபனத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள், பணம் யாருடையது என்று தேடினார்கள்.

சந்தையில் மாடு பிடிக்கிறவருக்கு இது புதிதா, தோழர்களே? தரகர் பேசுவதைக் கேட்டுக்கொள்வோம். மாடு வந்த ஊரில் நாலு பேரிடம் விசாரித்த பிறகுதான் பண முடிச்சை அவிழ்ப்போம்.

இன்னொன்று. 'எகனாமிக் பாலிஸி இன்ஸ்டிட்யூட்' என்று 1986-ல் தொடங்கிய வேறொரு ஸ்தாபனமும் அங்கே உண்டு. இரண்டுக்கும் சுருக்கப் பெயர் ஒன்றே: இ.பி.ஐ.! பின்னதற்குத் தொழிற்சங்கங்களும் பணம் தருகின்றன. தருகிறவர் பெயர்களை அது வெளியிடுகிறது. அதற்காக, நம்மவர் கணக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்ளலாமா? அதையும் கூட்டிப் பார்க்கத்தான் வேண்டும்.

விலாசத்தின் வாலில் 'டாட் ஆர்க்' என்று கண்டால் தர்ம ஸ்தாபனம் என்று நினைத்துவிடுகிறோம். கட்டணம் கட்டினால் அந்த வால் யாருக்கும் கிடைக்கும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்களிடம் நீட்டப்பட்ட அப்படிப்பட்ட தகவல் ஒன்றைக் கொண்டு வாருங்கள். சேர்ந்தே தேடிப் பார்ப்போம்.